அடுத்த ஆண்டும் வாடாத கட்டுரை: சிங்கப்பூர் வீட்டு முகவருக்கு ஒரு முழு வழிகாட்டி

2021 தொடக்கத்தில், முதல் வீடு வாங்குவோருக்காக ஒரு கட்டுரை எழுதினேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கடன் எடுத்தால் விலையில் பத்து விழுக்காடு கையில் இருந்தால் போதும், மீதியைக் கழகம் பார்த்துக்கொள்ளும் என்று அதில் இருந்தது. அன்றைக்கு அது சரியான தகவல்தான். வாட்ஸ்அப்பில் நன்றாகச் சுற்றியது. நானும் மகிழ்ந்து போனேன்.

2023இல் ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஓர் இளம் தம்பதி என்னைப் பார்க்க வந்தார்கள். கோப்பிக்கடையில் உட்கார்ந்ததும் கணவர் கைப்பேசியை எடுத்து என் கட்டுரையைக் காட்டினார். 500,000 வெள்ளி வீட்டுக்கு 50,000 வெள்ளி சேர்த்துவிட்டார்களாம். அதற்குள் கடன் வரம்பு 80 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது 100,000 வெள்ளி. நான் விளக்கி முடித்ததும் அந்தப் பெண், "நீங்கதானேண்ணே எழுதியிருந்தீங்க?" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோப்பி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அன்று இரவு என் பழைய கட்டுரைகள் நாற்பதையும் உட்கார்ந்து படித்தேன். முப்பதுக்கு மேல் செத்துப் போயிருந்தன. சிலவற்றில் வெறும் தூசு படிந்திருந்தது. சில ஆளைக் கவிழ்க்கும் அளவுக்குத் தவறாகியிருந்தன. பிழைத்திருந்தவற்றை மட்டும் எடுத்து, ஏன் பிழைத்தன என்று பார்த்தேன். அதிலிருந்து பிறந்த முறைதான் கீழே வருவது. தமிழில் எழுத நினைக்கும் சக முகவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எழுத வேண்டாம், கேள்விகளைப் பொறுக்குங்கள்

புதிதாக எழுத வரும் முகவர்கள் தலைப்பைத் தேடிச் செய்தித்தாளுக்குப் போகிறார்கள். "இந்தக் காலாண்டில் மறுவிற்பனை விலை ஏறியது" என்று ஆரம்பிக்கிறார்கள். அடுத்த காலாண்டில் அது குப்பை. தலைப்பு உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. கடந்த ஆறு மாத வாட்ஸ்அப் உரையாடல்களைத் திறந்து, கேள்விக்குறி உள்ள வரிகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். குரல் பதிவுகளையும் விடாதீர்கள். நம் ஆட்கள் முக்கியமான சந்தேகத்தை எழுத மாட்டார்கள், பேசித்தான் அனுப்புவார்கள்.

வீடு பார்க்கப் போகும்போது கேட்கும் கேள்விகள் இன்னும் நல்லவை. வீட்டுக்காரர் முன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மின்தூக்கிக் கதவு மூடிய பிறகுதான் உண்மையான கேள்வி வரும். என் நோட்டில் இருக்கும் சில:

"கோட்டா ஃபுல்லுன்னு சொல்றாங்களே, அப்ப என் வீட்டை நான் யாருக்குத்தான் விக்கிறது?"

"சிஓவி காச மசேநியிலேருந்து குடுக்கலாமா?"

"இந்த போம் ஷெல்டரை சாமி அறையா ஆக்கிக்கலாமா?"

"நாப்பது வருஷப் பழைய வீடு. என் மகன் பேர்ல வாங்கினா அவனுக்கு மசேநி பணம் முழுசா எடுக்க விடுவாங்களா?"

(கோட்டா என்பது ஒரு புளோக்கில் ஒவ்வோர் இனத்தவருக்கும் உள்ள எல்லை. சிஓவி என்பது மதிப்பீட்டுக்கு மேலே கொடுக்கும் தொகை. மசேநி என்பது மத்திய சேம நிதி. போம் ஷெல்டர் என்பது வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பறை.) கேள்வியைத் திருத்தாமல், கேட்டவர் சொன்ன மாதிரியே எழுதி வையுங்கள். "இன ஒருங்கிணைப்புக் கொள்கையின் தாக்கங்கள்" என்று நீங்கள் மொழிபெயர்த்துக்கொண்டால் கோட்டா பற்றிக் கேட்ட அக்காவின் பதற்றம் காணாமல் போய்விடும். அந்தப் பதற்றம்தான் உங்கள் முதல் பத்தி. ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால் அது கட்டுரைக்குத் தயார். ஒரே ஒருவர் கேட்டதென்றால் அவருக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகருங்கள்.

கீரையா, ஊறுகாயா?

தேக்கா சந்தையில் காலையில் வாங்கிய முளைக்கீரை மாலைக்குள் வாடிவிடும். ஊறுகாய் ஜாடி மாதக்கணக்கில் நிற்கும். உங்கள் கேள்விப் பட்டியலையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

வட்டி விகிதம், புதிய கொண்டோ அறிமுகம், "இந்த வட்டாரத்தில் சாதனை விலை" எல்லாம் கீரை. எழுதலாம், தப்பில்லை, ஆனால் ஃபேஸ்புக்கில் நாலு வரியோடு முடித்துவிடுங்கள். சாவி வாங்கும் நாளில் எதையெல்லாம் சரிபார்ப்பது, மேற்கு வெயில் படும் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது, அப்பா அம்மா பெயரில் இருக்கும் வீட்டில் அண்ணன் தம்பிக்குள் பேச வேண்டியவை என்ன என்பதெல்லாம் ஊறுகாய். பத்து ஆண்டு கழித்தும் யாரோ ஒருவருக்குத் தேவைப்படும்.

சிக்கல் மூன்றாவது வகையில்தான் இருக்கிறது. நம் வாடிக்கையாளர் கேட்பவற்றில் பாதிக்கு மேல் இந்த வகைதான்: வேலை செய்யும் முறை மாறாது, அதில் உட்கார்ந்திருக்கும் எண் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். கூடுதல் வாங்குவோர் முத்திரை வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பரில் வந்தது. "நீங்கள் யார், இது உங்களுக்கு எத்தனையாவது வீடு" என்ற இரண்டு கேள்விகளில்தான் அன்றும் நின்றது, இன்றும் நிற்கிறது. எண்ணைப் பாருங்கள். வெளிநாட்டவருக்கு 10 விழுக்காட்டில் தொடங்கி 2013இல் 15, 2018இல் 20, 2021 டிசம்பரில் 30, 2023 ஏப்ரல் 27 முதல் 60. சென்னையிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் 2020இல் எழுதிய கட்டுரையை நம்பி 1.2 மில்லியன் வெள்ளி கொண்டோவுக்குக் கணக்குப் போட்டால் 240,000 வெள்ளி வரி என்று நினைத்துக்கொண்டு வருவார். உண்மையில் 720,000.

வீவக கடனும் அப்படித்தான். 90 விழுக்காடு வரை கிடைத்தது 2021 டிசம்பரில் 85 ஆனது, 2022 செப்டம்பர் 30இல் 80 ஆனது, 2024 ஆகஸ்ட் 20இல் 75 ஆனது. மூன்று ஆண்டுக்குள் மூன்று முறை. 600,000 வெள்ளி வீட்டுக்குத் தேவைப்படும் முன்பணம் 60,000இலிருந்து 150,000 ஆகிவிட்டது. என் கட்டுரை செத்தது இப்படித்தான்.

இந்த மூன்றாவது வகையைத் தவிர்க்கவும் முடியாது, தவிர்க்கவும் கூடாது. எழுதும் விதத்தை மாற்ற வேண்டும்.

முறையை உடம்பில் வை, எண்ணைச் சட்டையில் வை

உடம்பு அப்படியே இருக்கும், சட்டையை மட்டும் மாற்றலாம். கோட்டா பற்றி அந்த அக்கா கேட்டதையே எடுத்து எழுதிக் காட்டுகிறேன்.

பழைய பாணியில் நான் எழுதியிருந்தால் இப்படித் தொடங்கியிருப்பேன்: "இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி இந்தியருக்கும் மற்றவருக்கும் வட்டாரத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு." படிப்பவருக்கு இது ஒன்றும் சொல்லவில்லை. என் வீடு விற்குமா விற்காதா?

இப்போது எழுதுவது இப்படி:

"ஒரு புளோக்கில் ஒவ்வோர் இனத்தவரும் எவ்வளவு பேர் இருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. உங்கள் வீட்டை யார் வாங்கலாம் என்பதை முடிவு செய்ய ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த விற்பனையால் எல்லையைத் தொட்டுவிட்ட இனத்தின் பங்கு இன்னும் கூடுமா? இந்தியர் வீட்டை இந்தியர் வாங்கினால் எந்த இனத்தின் பங்கும் கூடுவதில்லை. ஆகவே எந்தக் காலத்திலும் தடை இல்லை. சீனருக்கான எல்லை நிரம்பிய புளோக்கில், இந்தியர் வீட்டைச் சீனர் வாங்கினால் சீனர் பங்கு கூடும். ஆகவே முடியாது."

இந்தப் பத்தியில் ஒரு எண்கூட இல்லை. கொள்கை 1989இல் வந்தது. 2010 மார்ச்சில் இந்தியர் மற்றும் மற்றவருக்கான எல்லையை உயர்த்தினார்கள். அப்போதும் மேலே உள்ள பத்தியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருந்திருக்காது.

அடுத்த பத்திதான் கட்டுரையின் உயிர். விதியை எந்த இணையத்தளத்திலும் படிக்கலாம். அதனால் என்ன ஆகும் என்பதை வீடு விற்றுக் கொடுத்தவன்தான் சொல்ல முடியும். சீனர் எல்லை நிரம்பிய புளோக்கில் இந்தியர் ஒருவர் விற்க முயன்றால், ஆகப் பெரிய வாங்குவோர் கூட்டம் ஒரே அடியில் கழன்றுவிடும். வீடு பார்க்க வருவோர் குறைவார்கள், பேரம் கடுமையாகும், மாதங்கள் இழுக்கும். அதே அக்காவின் வீடு, இந்தியர் எல்லை நிரம்பிய புளோக்கில் இருந்தால் கதை தலைகீழ். அங்கே வர ஆசைப்படும் இந்தியர் இன்னோர் இந்தியரிடம்தான் வாங்க முடியும். ஆகவே அவருடைய வீட்டுக்கு மவுசு. "கோட்டா ஃபுல்" என்று இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்வார்கள். ஒருவருக்கு அது நட்டம், இன்னொருவருக்கு லாபம். எந்த இனத்தின் கோட்டா நிரம்பியிருக்கிறது என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தாலே அவர் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

கடைசியில் சட்டையை மாட்டுங்கள். கட்டுரையின் அடியில் ஒரு பெட்டி. அதன் தலையில் "இந்த எண்கள் சரிபார்த்த நாள்" என்று தேதி. உள்ளே 12, 15 என்ற எல்லைகள். கோட்டா நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கப்படும், வீவக தளத்தில் புளோக் எண்ணைப் போட்டு அவரே பார்த்துக்கொள்ளலாம் என்ற தகவல். கோட்டாவால் நெடுநாள் விற்க முடியாமல் தவிப்போரின் வீட்டை, நிபந்தனைகளோடு வீவகவே வாங்கிக்கொள்ள 2022 மார்ச்சில் ஓர் ஏற்பாடு வந்தது என்ற குறிப்பு. நிரந்தரவாசிகளுக்குத் தனிக் கோட்டா உண்டு, மலேசிய நிரந்தரவாசிகளுக்கு அது பொருந்தாது என்பதும் இங்கேதான். நம் வாடிக்கையாளரில் ஜோகூர், பேராக் பக்கத்து ஆட்கள் நிறைய. அதை விட்டுவிட்டால் அதே கேள்வி பத்து முறை வரும்.

எண் மாறும்போது பெட்டியை மட்டும் திறக்கிறீர்கள். பத்து நிமிட வேலை.

எண்ணையே சூத்திரமாக எழுதக்கூடிய இடங்களும் உண்டு. அந்த மகன் பேரில் வாங்கும் கேள்விக்கு இன்றுள்ள விதி 2019 மே மாதம் வந்தது: ஆக இளைய வாங்குபவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மசேநியிலிருந்து எடுக்கும் தொகை குறையும். "வயதையும் மீதிக் குத்தகையையும் கூட்டுங்கள். 95 வருகிறதா?" என்று எழுதினால் படிப்பவர் தானே செய்து பார்ப்பார். 1985இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2084இல் முடியும். 2025இல் பார்த்தால் மீதி 59. மகனுக்கு 30 வயது என்றால் கூட்டல் 89தான். முழுத் தொகை எடுக்க முடியாது. இப்படி ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுவது, மூன்று பக்க விளக்கத்தைவிட மேல்.

சிஓவி கேள்விக்கும் இதே வழிதான். மறுவிற்பனையில் 2014 மார்ச்சிலிருந்து முதலில் விலை பேசி முடிக்கிறோம், பிறகுதான் மதிப்பீடு வருகிறது. மதிப்பீட்டுக்கு மேலே ஒப்புக்கொண்டது எல்லாம் கைக்காசு, மசேநியும் உதவாது, கடனும் உதவாது. அந்த வரிசையைப் புரிய வைத்துவிட்டால், "கொஞ்சம் ரொக்கம் தனியே வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்" என்பது அவருக்கே தோன்றும்.

சில வார்த்தைகளைத் தொடவே தொடாதீர்கள்

இப்போது, சமீபத்தில், அண்மையில், விரைவில், அடுத்த ஆண்டு, புதிய. இந்த ஆறும் கட்டுரைக்குள் வைத்த வெடி. எழுதிய நாளில் அழகாக இருக்கும். என் செம்பவாங் கட்டுரையில் "விரைவில் புதிய எம்ஆர்டி நிலையம்" என்று பெருமையாக எழுதியிருந்தேன். அந்தக் கான்பெரா நிலையம் 2019 நவம்பரில் திறந்துவிட்டது. அதற்குப் பிறகும் மூன்று ஆண்டு என் கட்டுரை "விரைவில்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அங்கே குடியிருக்கும் ஒருவர் படித்திருந்தால் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்!

ஆண்டையும் மாதத்தையும் எழுதுங்கள், அது போதும். கட்டி முடியாத எதையும் ஒரு வீட்டின் சிறப்பாகச் சொல்லாதீர்கள். பெட்டியில் போடுங்கள்.

எந்தத் தமிழில் எழுதுவது?

இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. சிங்கப்பூரில் தமிழ் படிக்கும் வாடிக்கையாளர் ஒரே ஆள் இல்லை. இங்கேயே பிறந்து ஐம்பதைத் தாண்டியவர் "வெள்ளி" என்பார், "நாலறை வீடு" என்பார். தமிழ்நாட்டிலிருந்து வந்து பத்து ஆண்டு ஆனவர் "டாலர்", "ஃப்ளாட்" என்பார். அவருக்கு நாலறை வீடு என்றால் நாலு படுக்கையறை. இங்கே அதில் மூன்று படுக்கையறைதான், வரவேற்பறையையும் சேர்த்து நான்கு என்று எண்ணுகிறோம். இந்த ஒரு குழப்பத்தால் வீடு பார்க்க வந்த இடத்தில் முகம் சுளித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதையே தனிக் கட்டுரையாக எழுதலாம், என்றைக்கும் வாடாது.

நான் செய்வது இதுதான். முதல் முறை வரும்போது முறையான தமிழ்ச் சொல்லையும் மக்கள் வாயில் புழங்கும் சொல்லையும் சேர்த்தே எழுதுகிறேன்: "குறைந்தபட்ச வசிப்புக் காலம், அதாவது எல்லோரும் எம்ஓபி என்கிறார்களே, அது." அதன் பிறகு எம்ஓபி என்றே எழுதுகிறேன். வீவக கடிதத்திலும் செய்தியிலும் முறையான சொல்தான் வரும், அதை அவர் அடையாளம் காண வேண்டும். பேசும்போது எம்ஓபி என்றுதான் தேடுவார். இரண்டும் தேவை.

இளையவர்கள் வீட்டு விஷயங்களை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். வருத்தப்பட்டுப் பயனில்லை. ஆனால் முன்பணத்தில் பாதியைக் கொடுக்கப் போகும் அம்மா தமிழில் படிக்கிறார். மகளுக்கு அந்தக் கட்டுரையை அனுப்புவதும் அவர்தான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பேசியில் படிப்பதை மனதில் வைத்து எழுதுங்கள். எழுதி முடித்ததும் சத்தமாக ஒரு முறை வாசியுங்கள். எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே வாக்கியத்தை வெட்டுங்கள்.

கட்டுரையைக் கணினி நிரலே எழுதித் தருகிறது என்கிறார்கள். நானும் முயன்றேன். வாக்கியம் வழுவழுப்பாக வந்தது. கடன் வரம்பு பழையதாக இருந்தது. ஏற்கெனவே ஒரு தம்பதியிடம் பட்டது போதும்.

வட்டாரக் கட்டுரை: கால் நடக்காமல் எழுதக் கூடாது

ஈசூன், உட்லண்ட்ஸ், செங்காங் என்று வட்டாரம் வட்டாரமாக எழுத எல்லா முகவருக்கும் ஆசை. வரைபடத்தைப் பார்த்து "எம்ஆர்டிக்கு ஐந்து நிமிடம்" என்று எழுதிவிடுவார்கள். யாருடைய ஐந்து நிமிடம்? தள்ளுவண்டியில் குழந்தையோடு போகும் அம்மாவுக்கா, முழங்கால் வலிக்கும் தாத்தாவுக்கா?

ஒரு வட்டாரத்தை எழுத மூன்று முறை போங்கள். வேலை நாள் காலை ஏழு மணிக்கு, பிற்பகல் மூன்றரைக்கு, இரவு ஒன்பதுக்குப் பிறகு. காலையில் பேருந்து நிறுத்தக் கூட்டம் தெரியும். மூன்றரைக்கு மேற்கு வெயில் எந்த புளோக்கின் எந்த முகத்தில் விழுகிறது என்று தெரியும். நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்கிறோம், ஆண்டு முழுக்க அந்த வெயில் மேற்கிலிருந்து சுடத்தான் செய்யும், எந்த அமைச்சரும் அதை மாற்றப் போவதில்லை. இரவில் கோப்பிக்கடைச் சத்தம் எத்தனையாவது மாடி வரை ஏறுகிறது என்று தெரியும்.

நம் வாடிக்கையாளருக்கு வேண்டிய மற்றவையும் உண்டு. ஈசூனில் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் இருப்பதும், அங்கே பங்குனி உத்திரம் பெரிதாக நடப்பதும் வடக்கே வீடு தேடும் பல குடும்பங்களுக்கு முக்கியம். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழரும் மலையாளிகளும் அந்தப் பக்கத்தில் வேர்விட்ட கதையை இரண்டு பத்தி எழுதினால் பழைய ஆட்கள் தேடி வந்து படிப்பார்கள். கறிவேப்பிலையும் இட்லி மாவும் எங்கே கிடைக்கும், தாழ்வாரத்தில் கோலம் போட இடம் இருக்கிறதா என்பதும் வீட்டு விஷயம்தான். தாழ்வாரத்தில் செருப்பு அலமாரியும் துளசி மாடமும் வைப்பவர்களுக்கு, நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற தீயணைப்பு விதியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

பள்ளிக்கூடம் பற்றி எழுதும்போது கவனம். தொடக்கநிலை ஒன்று சேர்க்கையில் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தூரக் கணக்கு உண்டு என்ற முறையை எழுதலாம். "இந்த வீட்டை வாங்கினால் அந்தப் பள்ளியில் இடம் நிச்சயம்" என்று எழுதவே கூடாது. தூரம் முன்னுரிமைதான். இடத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது.

கையைக் கட்டிக்கொள்ள வேண்டிய இடங்கள்

நம் தொழில் 2010ஆம் ஆண்டின் சொத்து முகவர் சட்டத்தின் கீழ், சிஇஏ எனும் சொத்து முகவர் மன்றத்தின் கண்காணிப்பில் நடக்கிறது. நீங்கள் எழுதுவதும் விளம்பரமாகவே பார்க்கப்படலாம். ஆகவே ஒவ்வொரு கட்டுரையிலும் உங்கள் பெயர், பதிவு எண், பதிவு செய்த தொலைபேசி எண், நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்கட்டும். வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் அவர் வீட்டைக் காட்டி எழுதாதீர்கள். வாடிக்கையாளர் கதையைச் சொல்லும்போது பெயரை மட்டும் மாற்றினால் போதாது. மாடி, புளோக், விற்ற மாதம் மூன்றும் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை ஒரு முறை படித்துவிடுங்கள், தூக்கம் வந்தாலும் பரவாயில்லை.

வாடகைக் கட்டுரைகளில் இனம் பற்றிய வரி வரவே கூடாது. "இந்தியருக்கு இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்த்து மனம் கசந்தவர்கள் நாம். "சமைக்காதவர்களுக்கு மட்டும்" என்று சுற்றி வளைத்து எழுதினாலும் யாரைச் சொல்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். நாம் அதையே எழுதக் கூடாது.

விலை ஏறும் என்று சத்தியம் செய்யாதீர்கள். அது நிலைக்கும் கட்டுரைக்கும் எதிரி, உங்கள் உரிமத்துக்கும் எதிரி.

பராமரிப்பு: பட்ஜெட்டுக்கு ஒரு முறை, ஆகஸ்ட்டுக்கு ஒரு முறை

இருபது நல்ல கட்டுரை இருந்தால் போதும், இருநூறு வேண்டாம். மாதம் ஒன்று எழுதினாலே இரண்டு ஆண்டுக்குள் வந்துவிடும். எழுதுவதைவிடப் பெரிய வேலை பார்த்துக்கொள்வது.

பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டம் முடிந்த வாரம் எல்லாப் பெட்டிகளையும் ஒரு சுற்று பாருங்கள். 2023இல் மறுவிற்பனைக் குடும்ப மானியம் உயர்ந்ததும், விலை உயர்ந்த வீடுகளுக்கு வாங்குவோர் முத்திரை வரி கூடியதும் அப்போதுதான். ஆகஸ்ட்டில் தேசிய தினப் பேரணி உரை. வீவக வீடுகளுக்கான ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என்ற வகைப்பாட்டை 2023 ஆகஸ்ட்டில் அங்கேதான் அறிவித்தார்கள், 2024 அக்டோபர் பிடிஓவில், அதாவது வீவகவின் புது வீட்டு விற்பனையில், நடப்புக்கு வந்தது. அதுவரை "எம்ஓபி ஐந்து ஆண்டு" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவந்தோம். பிளஸ், பிரைம் வீடுகளுக்கு அது பத்து. எத்தனை பேர் பழைய கட்டுரையைத் திருத்தினார்கள்?

இவற்றுக்கு வெளியே வருபவைதான் தலைவலி. சொத்துச் சந்தையைத் தணிக்கும் நடவடிக்கைகள் பெரும்பாலும் இரவில் அறிவிக்கப்பட்டு மறுநாளே நடப்புக்கு வரும். 2021 டிசம்பர் 16, 2023 ஏப்ரல் 27 இரண்டும் அப்படித்தான். வாங்கிய வீட்டைச் சீக்கிரம் விற்றால் கட்டும் விற்பவர் முத்திரை வரியின் காலத்தை மூன்றிலிருந்து நான்கு ஆண்டாக்கிய 2025 ஜூலை 4உம் அப்படித்தான். அந்த மாதிரி இரவில் எல்லா முகவரும் புதுக் கட்டுரை எழுத ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். எந்தெந்தக் கட்டுரைப் பெட்டியில் எந்த எண் இருக்கிறது என்று ஒரு எக்செல் தாளில் முன்கூட்டியே குறித்து வைத்திருந்தால், படுப்பதற்குள் எல்லாவற்றையும் திருத்திவிடலாம். புதுப் பக்கம் திறக்காமல் அதே முகவரியிலேயே திருத்துங்கள். மக்கள் வாட்ஸ்அப்பில் சேமித்து வைத்திருப்பது அந்தப் பழைய இணைப்பைத்தான்.

திருத்தியதை மறைக்காதீர்கள். "2024 ஆகஸ்ட் 20க்கு முன் இங்கே 80 விழுக்காடு என்று இருந்தது" என்று பெட்டியின் கடைசி வரியில் விட்டுவிடுகிறேன். பழசைப் படித்துவிட்டு வந்தவருக்குத் தான் எங்கே தவறினோம் என்று புரியும்.

யாராவது கேள்வி கேட்டால் இணைப்பை மட்டும் அனுப்பிவிட்டுப் போகாதீர்கள். "அக்கா, உங்க புளோக்குல எந்தக் கோட்டா ஃபுல்லுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க, மிச்சம் இதுல இருக்கு" என்று ஒரு குரல் பதிவும் சேர்த்து அனுப்புங்கள். அவர் திரும்பக் கேட்கும் அடுத்த கேள்வியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பல சமயம் கட்டுரையில் விட்டுப்போன பத்தி அதுதான்.

போம் ஷெல்டரைச் சாமி அறை ஆக்குவது பற்றிய என் கட்டுரைக்கு எட்டு வயது ஆகிறது. கதவைக் கழற்றக் கூடாது, சுவரை உடைக்கக் கூடாது, தரையில் நிற்கும் அலமாரி வைக்கலாம், விளக்கு ஏற்றினால் கதவைத் திறந்து வையுங்கள். இவ்வளவுதான் விஷயம். போன மாதம்கூடப் பொங்கோலிலிருந்து ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். வீடு வாங்கவோ விற்கவோ இல்லை. விநாயகரைக் கிழக்கு பார்த்து வைத்தால் கதவு இடிக்கிறதாம், என்ன செய்யலாம் என்று கேட்டார். நோட்டில் எழுதிக்கொண்டேன். இன்னும் இரண்டு பேர் கேட்க வேண்டும்.